தீயணைப்புப் படைத் தலைவர்

ஓர் ஊரில் தீப்பற்றினால் மக்கள் விலகி ஓடுவதில்லை; தீயை நோக்கியே ஓடி வருகின்றனர். கல்முனைக் கரையோரத்தில் வாழும் நேயர்கள் இதனை நன்கு அறிவர். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் நெருக்கமான குடியிருப்புகள். கூக்குரல் ஒன்று எழுந்தால் போதும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி செய்தியைப் பரப்பும். வாளியும் குடமும் ஏந்தி அயலவர் திரண்டுவிடுவர். அந்த அன்பும் துணிவும் போற்றத்தக்கவை. ஆயினும் துணிவு ஒன்றே தீயை வெல்லப் போதுமா? போதாது. எங்கே நிற்பது, எதனை முதலிற் காப்பது, எப்பொழுது பின்வாங்குவது என்பவற்றை அறிந்து கட்டளையிட ஒருவர் வேண்டும். அத்தகைய ஒருவர் இல்லாதவிடத்து, உதவ வந்தவரே தீக்கு இரையாவதும் உண்டு. அந்த ஒருவரே தீயணைப்புப் படைத் தலைவர்.

இவருக்கு நாட்டுக்கு நாடு பெயர் வேறுபடும். அமெரிக்காவில் கப்டன் என்பர். தமிழ்நாட்டில் நிலைய அலுவலர் என்பர். இலங்கையில் நகரங்களின் தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பாகும். கல்முனை மாநகர சபையும் தனக்கென ஒரு தீயணைப்புப் பிரிவை வைத்திருக்கிறது. பெயர் எதுவாயினும் பணி ஒன்றே. ஒரு வண்டி, அதனோடு வரும் சில வீரர்கள், அவர்கள் முன்னே எரியும் ஒரு கட்டடம்: இம்மூன்றுக்கும் அவரே பொறுப்பாளர்.

இத்தொழில் கற்றுத் தேற வேண்டிய ஒரு கலை என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். 1824ஆம் ஆண்டிலே, தமது இருபத்துநான்காம் வயதில், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத் தீயணைப்புப் படைக்கு அவர் தலைவரானார். அவர் யாரைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? கொத்தரையும் தச்சரையும் கூரை வேய்வோரையும் கொல்லரையும் தேர்ந்தெடுத்தார். என்ன காரணம்? எந்தச் சுவர் எப்பொழுது சாயும், எந்த உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கட்டியவனே அறிவான் அன்றோ! அவர்களை விடியற்காலை இருளிலே பயிற்றினார். புகை சூழ்ந்த இடத்தில் கண் உதவாது என்பது அவருக்குத் தெரியும். தெருவில் நின்று தண்ணீரை வாரி இறைப்பதை விடுத்து, உள்ளே சென்று தீயின் மூலத்தைத் தாக்கும் முறையை அவர் கற்பித்தார். 1833இல் இலண்டன் நகருக்கு அழைக்கப்பட்டார். 1861 ஜூன் 22ஆம் நாள், இலண்டன் டூலி வீதிப் பண்டகசாலைகள் எரிந்தபோது, தம் வீரர்களோடு நின்றிருந்த அவர்மீது சுவர் இடிந்து விழ, அங்கேயே உயிர்நீத்தார். ஒரு நல்ல தலைவரின் பெருமையும் இத்தொழிலின் இடரும் அவர் வாழ்க்கையிலே ஒருங்கே விளங்குகின்றன.

இனி, தலைவர் எதிர்கொள்ளும் பகைவனாகிய தீயின் இயல்பைப் பார்ப்போம். தீ எரிவதற்கு மூன்று வேண்டும்: எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள ஒட்சிசன். இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் தீ அடங்கும். தண்ணீர் வெப்பத்தை நீக்குகிறது. நுரையும் ஈரச்சாக்கும் காற்றைத் தடுக்கின்றன. எரியும் வீட்டுக்கு அடுத்துள்ள கிடுகு வேலியைப் பிடுங்கி எறிவது எரிபொருளை நீக்குவதாகும். கேட்பதற்கு எளிய பாடமே. ஆனால் களத்தில் அது எளிதன்று. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. மூடிய அறைக்குள் அளவறியாமல் தண்ணீர் பாய்ச்சினால், அந்தக் கொதியாவி உள்ளிருக்கும் வீரரையே அவித்துவிடும். மூடிக் கிடக்கும் அறையின் கதவை முன்யோசனையின்றித் திறந்தால், புதுக் காற்றுப் புகுந்து அடங்கியிருந்த தீ சீறி எழும். கூரையடியில் திரண்ட வெப்பம் சுமார் 600 பாகை செல்சியசை எட்டும்பொழுது அறையிலுள்ள பொருள்கள் யாவும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்வதுண்டு. அதற்கு முன்னரே அறிகுறிகளைக் கண்டு, "வெளியேறுங்கள்" என்று ஆணையிட வேண்டியவர் தலைவர்.

ஆகவே, வண்டி சென்று நின்றவுடன் நல்ல தலைவர் முதலிற் செய்வது குழாயை எடுப்பதன்று, பார்ப்பது. கட்டடத்தின் எத்தனை பக்கங்களைச் சுற்றிவர இயலுமோ அத்தனையையும் பார்க்கிறார். புகையின் நிறம் என்ன? எந்தச் சன்னல் வழியாக வருகிறது? உள்ளே யாரேனும் உளரா? தண்ணீர் எங்கே? மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்டதா? இவ்வளவையும் சில நொடிகளில் அறிந்து முடிவு செய்கிறார். பதற்றத்தோடு சூழ்ந்து நிற்கும் ஊராருக்கு அந்தச் சில நொடிகள் தாமதமாகவே தோன்றும். சிலர் ஏசவும் செய்வர். அந்த ஏச்சைப் பொறுத்துக்கொள்வதும் தலைவரின் பயிற்சியுள் அடங்கும்.

ஊரறிவு இங்கே பெரிதும் பயன்படுகிறது. கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் கிடுகும் வைக்கோலும் காய்ந்து கிடக்கும். அக்காலத்தில் ஒரு வளவில் எழும் தீப்பொறி கடலை நோக்கி, அதாவது கிழக்கே உள்ள வீடுகளை நோக்கிப் பறக்கும். ஆதலால் எரிகின்ற வீட்டை அணைக்கும்போதே கிழக்குப்புறத்து வீடுகளைக் காக்கவும் ஆள் நிறுத்த வேண்டும். வாடைக் காலத்தில் இக்கணக்கு மாறிவிடும். வண்டி நுழைய மாட்டாத ஒழுங்கைகள் எவை, எந்த வளவில் கோடையிலும் வற்றாத கிணறு உண்டு, கடைத்தெருவில் எந்தக் கடைக்குப் பின்வாசல் இல்லை என்பவற்றைத் தீப்பற்றாத நாள்களிலேயே நடந்து கண்டு குறித்து வைத்திருப்பவரே சிறந்த தலைவர்.

அடுத்து, எரிவது எது என்று அறிய வேண்டும். மருதமுனையின் கைத்தறிக் கூடத்தில் எரியும் நூலுக்குத் தண்ணீர் ஏற்றது; ஆனால் நூற்பொதியின் மேற்புறம் அணைந்த பின்னரும் உள்ளே கனல் தங்கியிருக்கும். உணவுக்கடையில் கொதித்து எரியும் எண்ணெய்யில் தண்ணீர் ஊற்றினால், அது எண்ணெய்க்கு அடியிற் சென்று ஆவியாகி, எரியும் எண்ணெய்யை நாற்புறமும் வீசிவிடும். அங்கே மூடியால் மூடுவதே முறை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பகுதிகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்த காலத்தில் இவ்வறிவு எத்துணை இன்றியமையாதது என்பதை இல்லந்தோறும் உணர்ந்தனர்.

எரிவது எதுவென அறியாமற் போவதால் நேரும் இழப்புக்கு 1944 ஏப்பிரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் நிகழ்ந்த கொடுமை சான்று. 'போர்ட் ஸ்டிகின்' என்னும் கப்பலில் பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்க விரைந்த வீரர்கள் கப்பலருகே நின்றபோதே வெடிமருந்து வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அவர்கள் நினைவாகவே இந்தியாவில் ஏப்பிரல் 14 தீயணைப்புச் சேவை நாளாகக் கொள்ளப்படுகிறது.

தலைவரின் கடமைகளுள் மிகக் கடினமானது ஒன்று உண்டு. அது தம் ஆட்களின் உயிரைக் காப்பது. புகைக்குள் நுழையும் வீரர் முதுகிற் சுமக்கும் காற்றுக்கலம் ஏறத்தாழ அரைமணி நேரமே உதவும். கடுமையாக உழைத்தால் அதனினும் விரைவில் தீர்ந்துவிடும். யார் எப்பொழுது உள்ளே சென்றார், எப்பொழுது வெளிவர வேண்டும் என்ற கணக்கு வெளியில் நிற்கும் தலைவரிடம் இருக்க வேண்டும். ஒருவரைத் தனியே அனுப்புதல் ஆகாது. காப்பாற்ற உயிரொன்றும் உள்ளே இல்லை, கூரையோ தளரத் தொடங்கிவிட்டது என்றால், பொருள் எரிந்தாலும் எரிக என்று ஆட்களை மீட்டுக்கொள்ள வேண்டும். அது கோழைத்தனம் அன்று, பொறுப்பு. எனினும் எல்லா அறிவும் இருந்தும் இடர் முற்றாக நீங்குவதில்லை. 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்துப் பழைய கட்டடம் எரிந்தபோது, கூரை சரிந்து ஒரு வீரர் உயிர் துறந்தார். முன்னின்று பணியை நடத்திய அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுந்தீக்காயம் அடைந்தார். அவர் 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் அதிகாரியாகச் சேர்ந்த பெண்மணி. இத்தொழில் ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணத்துக்கு அவர் வாழ்வு விடை கூறும்.

தீ அணைந்ததும் பணி முடிந்துவிடுகிறதா? இல்லை. இதற்குச் சான்று அம்பாறைக் கடலிலேயே உண்டு. 2020 செப்டெம்பர் 3ஆம் நாள், குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெய் ஏற்றிச் சென்ற 'நியூ டயமண்ட்' என்னும் கப்பலின் இயந்திர அறையில், சங்கமன்கண்டிக்கு அப்பாலுள்ள கடலிலே தீப்பற்றியது. கப்பலிலிருந்த 23 பேருள் ஒருவர் உயிரிழந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் பிறரும் சேர்ந்து நாள்கணக்கிற் போராடித் தீயை அடக்கினர். ஆயினும் கப்பலின் உடல் ஆறவில்லை. செப்டெம்பர் 7ஆம் நாள் தீ மீண்டும் மூண்டது. 9ஆம் நாளே முற்றாக அணைந்தது. சரக்கறைகளை அத்தீ எட்டியிருந்தால் அம்பாறைக் கரையின் மீன்பிடித் தொழில் என்னவாகியிருக்கும் என்பதைக் கடற்றொழிலாளரைக் கேட்டால் அறியலாம். சுவாலை மறைவது அணைவதன்று; சூடு ஆறுவதே அணைவது. சிறிய பலசரக்குக் கடைக்கும் இதுவே விதி. எரிந்த மூட்டைகளைக் கிளறி, சுவரைத் தொட்டுப் பார்த்து, பலமுறை நனைத்த பின்னரே தலைவர் வண்டியைத் திருப்புகிறார்.

தீ உண்டாகாமற் காப்பதும் அவர் பணியே. 2004 ஜூலை 16ஆம் நாள் தமிழ்நாட்டுக் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்துத் தீ ஓலைக்கூரையைப் பற்றியது. ஒடுங்கிய படிக்கட்டு வழியே வெளியேற இயலாமல் 94 குழந்தைகள் மடிந்தனர். அங்கே பின்னர் எத்தனை வண்டிகள் வந்தென்ன? ஓலைக்கூரையை அகற்றுங்கள், இரண்டாவது வழி அமையுங்கள் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லி, அதனைச் செய்வித்திருந்தால் அந்தக் குழந்தைகள் வாழ்ந்திருப்பர். பாடசாலைகளையும் கடைகளையும் மண்டபங்களையும் பார்வையிட்டு, குறைகளைச் சுட்டிக்காட்டி, வெளியேறும் பயிற்சி அளிப்பது தலைவரின் வேலையிற் பெரும்பகுதியாகும். அதற்குச் செய்தித்தாளிற் புகழ் கிடைப்பதில்லை. ஆயினும் மிகுதியான உயிர்களைக் காப்பது அதுவே.

இப்பதவியை அடைவது எவ்வாறு? முதல் நாளே யாரும் தலைவராவதில்லை. நல்ல உடலுறுதியும் பள்ளிக் கல்வியும் உடைய இளைஞர் சாதாரண வீரராகச் சேர்ந்து, குழாய் விரித்தல், ஏணி ஏறுதல், நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்குதல், முதலுதவி செய்தல் ஆகியவற்றைப் பழகுகின்றார். பின்னர் வண்டி செலுத்தவும், சிறு குழுவை நடத்தவும் கற்கின்றார். பல ஆண்டுகள் பிறரின் கட்டளைக்குப் பணிந்து நடந்தவருக்கே கட்டளையிடும் தகுதி வருகின்றது. இதனுடன் ஏட்டுக்கல்வியும் வேண்டும். நீரின் அழுத்தத்தைக் கணிக்கக் கணிதமும், எரிபொருளின் இயல்பை அறிய இரசாயனமும், சுவரின் பலத்தை அறியப் பௌதிகமும் துணைபுரிகின்றன. 1918இல் தொடங்கப்பெற்ற பிரித்தானியத் தீப்பொறியியலாளர் நிறுவகம் இத்துறைக்கெனத் தேர்வுகள் நடத்துகிறது. இந்தியாவின் நாக்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரி உண்டு. விமான நிலையங்களும் துறைமுகங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் தமக்கெனத் தீயணைப்புப் பிரிவுகளை வைத்திருப்பதால், தேர்ச்சி பெற்றவருக்கு உள்நாட்டிலும் வளைகுடா நாடுகளிலும் இடமுண்டு.

அம்பாறை மாவட்டத்தில் இத்தொழிலை மேற்கொள்வோருக்குத் தமிழோடு சிங்களமும் தெரிந்திருத்தல் நலம். ஆபத்து நேரத்தில் அயல் நகரத்துப் படையும் பொலிசாரும் படைவீரரும் ஒன்றுகூடுவர். அப்போது ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் உயிர்ச்சேதம் நேரலாம். மேலும், தீ மட்டுமே இவர்களின் களம் அன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. இடிபாடுகளிலிருந்து மனிதரை மீட்டவர்கள் பெரும்பாலும் பயிற்சியோ கருவியோ இல்லாத அயலவரே. இடிபாட்டில் அகப்பட்டவரை எவ்வாறு வெளியே எடுப்பது என்பதும் தீயணைப்பு வீரர் கற்கும் பாடங்களுள் ஒன்று.

கரையோரத்து வாப்பாமார் தம் பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ ஆசிரியராகவோ வரவேண்டும் என்று விரும்புவது இயல்பே. அந்த வரிசையிலே தீயணைப்பு அதிகாரி என்னும் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. படிப்பு ஏறாதவர் தேடும் உடலுழைப்பு வேலை என்றே அது கருதப்படுகிறது. மேலே கண்டவற்றைச் சிந்திப்போர்க்கு இக்கருத்தின் பிழை புலனாகும். கற்றவரும் ஊரறிந்தவரும் இத்தொழிலுக்கு வாராவிடின், வண்டி வாங்கியும் பயனில்லை. வண்டி தானே முடிவெடுப்பதில்லை.

இலங்கையில் தீயணைப்புக்கான அவசரத் தொலைபேசி எண் 110. அந்த எண்ணை அழைப்பவர் எதிர்பார்ப்பது தண்ணீரை மட்டுமன்று. வந்து இறங்கியதும் நிதானமாக ஒருமுறை சுற்றிப் பார்த்து, செய்ய வேண்டியது இன்னதென்று சொல்லவல்ல ஒருவரையும் ஆகும். அவரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆதலின், தீப்பற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அந்தப் பணி தொடங்கப்பெற வேண்டும்.