ஒன்பது நாள் அதிதி

முன்பின் அறியாதவர் இல்லத்தில் தங்கி, காசு கொடாமல் உண்டு உறங்கி, உலகைச் சுற்றி வருவது இக்காலத்து இளைஞர் கண்ட புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். 2004-ம் ஆண்டில் அமெரிக்காவில் இணையத்தின் வழியே தொடங்கிய கவுச்சர்ஃபிங் என்னும் ஏற்பாட்டினால் இதற்குப் பெயர் பரவியது. 2020 முதல் பல நாட்டினரிடம் அதில் சேர்வதற்கே சந்தா கேட்கிறார்கள் என்பது வேறு கதை. அதற்கும் முன்பே, 1949-ல் டென்மார்க்கில் பிறந்த செர்வாஸ் என்னும் சங்கம் நாடுகளிடையே சமாதானம் வளர்க்கும் நோக்குடன் இதையே செய்துவருகிறது. அதன் பிரயாணி அறிமுகக் கடிதத்துடன் வருவார். வழக்கமாக இரண்டு இரவு தங்குவார்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியான ஒரு பிரயாணி, நாம் வந்து குடியேறியிருக்கும் இதே திருவனந்தபுரத்தில், நம்மவர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆண்டு 1892, மாதம் டிசம்பர். ரயில் இந்நகருக்கு வந்தது 1918-ல்தான். திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மருக்கு ஆசிரியராயிருந்த தமிழர் சுந்தரராம ஐயரின் வீடு அது. வாசலில் நின்றவரையும் உடன் வந்த முகம்மதிய சேவகரையும் கண்ட ஐயரின் சிறு பிள்ளை, இருவருமே முகம்மதியர் என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டான். வந்தவர் விவேகானந்தர். அப்போது அவரை உலகம் அறியாது.

இரண்டு நாளாகச் சிறிது பாலன்றி வேறொன்றும் உண்ணாதிருந்தார் அவர். ஆயினும் ஐயரிடம் அவர் கேட்டது தமக்கு அன்னமன்று. கொச்சி அரசு வழித்துணைக்கு அனுப்பிய அந்தச் சேவகருக்கு முதலில் உணவளிக்க வேண்டும் என்றார். அவர் உண்டு விடைபெற்ற பின்னரே தம்மைப் பற்றி நினைத்தார். சர்க்கார் ஊட்டுப்புரைகளில் பிராமணருக்கு மட்டும் இலவச உணவிட்ட காலத்தில் நடந்தது இது என்பதை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

ஒன்பது நாள் தங்கினார். ஐயருக்கும் ஒரு மனக்குறை இருந்தது. சென்னையிலிருந்து உத்தியோக காரியமாக வந்திருந்த மன்மதநாத பட்டாச்சாரியார் என்னும் வங்காளியிடம் ஸ்வாமி காலையில் சென்று, பகலுணவையும் அங்கேயே முடித்துக்கொள்வாராம். ஐயர் குறைப்பட்டபோது, வங்காளிகள் இனப்பற்று மிக்கவர்கள் என்று சொல்லிச் சமாளித்தாராம் ஸ்வாமி. துறவிக்கும் தாய்மொழி பேசுவோரைக் கண்டால் கால் அங்கேயே போகிறது! நம் சங்கக் கூட்டங்களில் காபி ஆறும்வரை ஊர்க்கதை பேசும் நமக்கு இது புரியாததா? அவ்வொன்பது நாளும் அடுப்படியில் நின்றவர் யார் என்பதை மட்டும் நாம் எங்கும் படித்ததில்லை.

மறு ஆண்டு அவர் அமெரிக்கா சென்றார். சிகாகோவில் செலவு கட்டுப்படியாகவில்லை. ரயிலில் அறிமுகமான கேட் சான்பார்ன் என்ற எழுத்தாள மாது பாஸ்டன் அருகிலுள்ள தம் பண்ணை வீட்டில் தங்க இடமளித்தார். தமக்கு நாளொன்றுக்கு ஒரு பவுன் மிச்சம், அம்மாளுக்கோ இந்தியாவிலிருந்து வந்த விநோத வஸ்துவை நண்பர்களுக்குக் காட்டும் லாபம் என்று 1893 ஆகஸ்டில் சென்னை அளசிங்கப் பெருமாளுக்கு எழுதினார். இலவசத் தங்கலிலும் ஒரு விலை உண்டென்பதை அறிந்தே இருந்தார். செப்டம்பரில் சிகாகோ திரும்பியபோது விலாசம் தொலைந்தது. இரவு ரயில்வே சரக்கு முற்றத்தில் ஒரு காலிப் பெட்டிக்குள் படுத்தார். காலையில் தட்டிய கதவுகள் அடைபட்டன. களைத்துத் தெருவோரம் அமர்ந்தவரை எதிர்வீட்டு ஹேல் அம்மையார் கண்டு உள்ளே அழைத்துச் சென்றார்.

நிற்க. இதை எழுதத் துணிந்த நமக்கு அருகதை உண்டா என்ற ஐயம் உண்டு. நெல்லைப் பக்கத்து இளைஞர் ஒருவர், தாயாரை ஆர்.சி.சி.யில் காட்ட வருவதாகவும், முதல்நாள் இரவு மட்டும் தங்க இடம் வேண்டுமென்றும் தொலைபேசியில் கேட்டார். ஊர்க்காரர் என்பதற்கு மேல் பழக்கமில்லை. நமது குவார்ட்டர்ஸில் இரண்டே அறை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. வெள்ளையடிப்பு நடக்கிறது என்று பொய் சொன்னோம். “பரவாயில்லை அண்ணாச்சி” என்றார்.

மறுநாள் காலை ட்யூட்டிக்குப் போகையில், தம்பானூர் நிலையத்து பெஞ்சில் தாயும் மகனும் அமர்ந்திருக்கக் கண்டோம். இரவு அங்கேயே கழிந்திருக்கிறது. அந்த அம்மாள் எழுந்து, “பிள்ளைகளுக்குக் கொடு ராசா” என்று பனங்கிழங்குக் கட்டு ஒன்றை நம் கையில் வைத்தார். வெள்ளையடிப்பு முடிந்ததா என்று வேறு விசாரித்தார்.

வீட்டில் அதை அவித்துத் தட்டில் வைத்த நம் மனைவி, யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. அடுத்த பரிசோதனை வரும் பதினான்காம் தேதி. பாய் ஒன்று வாங்கியிருக்கிறோம். இளைஞருக்குத் தொலைபேசி செய்து உண்மையைச் சொல்லிவிட்டோம்; முதல்நாள் மாலை வண்டிக்கு நிலையத்தில் நிற்பதாகவும் சொல்லியிருக்கிறோம்.