கண்ணைத் திறந்தும் யோகா செய்யலாம்

யோகா வகுப்பில் முதலில் காதில் விழுவது "கண்ணை மூடுங்கோ" என்பதுதான். பலருக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் மட்டும் அதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை நாவலடியிலும் கல்லடியிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. அதற்கு முன்னும் பின்னும் வாவியின் இரு கரைகளான எழுவான்கரையும் படுவான்கரையும் போரில் அடிபட்டன. பாயில் படுத்திருக்கும் ஒரு அம்மாவுக்குக் கண்ணை மூடினால் எது வந்து நிற்கும் என்று ஆசிரியைக்குத் தெரியாது.

பாதுகாப்பாகச் செய்யுங்கள் என்றால் முதுகும் முழங்காலும்தான் நினைவுக்கு வருகின்றன. வெளியே தெரியாத காயத்துக்கும் அதே கவனம் வேண்டும். பேரச்சத்தைக் கண்டவருக்கு நெஞ்சு படபடப்பதும் மூச்சு முட்டுவதும் ஆபத்தின் அறிகுறியாகவே மூளையில் பதிந்திருக்கலாம். கண்ணை மூடி, அசையாமல், உடம்புக்குள்ளேயே கவனத்தை வைக்கும்போது, சுற்றிப் பார்த்து "இப்போது ஒன்றுமில்லை" என்று தேறிக்கொள்ள வழியில்லை. அலையோசையைக் கற்பனை செய்யச் சொல்வது வேறெங்கோ இதமாக இருக்கலாம், இங்கே வேண்டாம்.

இதற்காக யோகாவையே ஒதுக்கிவிடக் கூடாது. சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களில் 183 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. யோக மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் மனவடு அறிகுறிகள், பயிற்சிக்குக் காத்திருந்தவர்களோடு ஒப்பிடும்போது, ஆறு வாரத்தில் வெகுவாகக் குறைந்திருந்தன. அவர்கள் குலுக்கல் முறையில் அல்லாமல் முகாம் வாரியாகப் பிரிக்கப்பட்டவர்கள் என்பதால், முடிவை நிதானமாகத்தான் ஏற்க வேண்டும். ஆனாலும் அது நம்பிக்கை தருகிறது.

இப்படிப் பயிற்சியால் மனவடுவை ஆற்றும் வழியை நம் இலங்கையில் நன்கு அறிந்தவர் மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். மன ஆறுதல் பயிற்சியை அவரவர் வழக்கத்திலிருந்தே எடுத்தார்: இந்துக்களுக்கு ஜெபம், முஸ்லிம்களுக்குத் திக்ர், கத்தோலிக்கருக்குச் செபமாலை, பௌத்தர்களுக்கு ஆனாபானசதி. மூன்று நான்கு சமயத்தார் பக்கத்துப் பக்கத்தில் வாழும் மட்டக்களப்புக்கு இதைவிடப் பொருத்தமான அணுகுமுறை எனக்குத் தெரியவில்லை. உடலியலும் இதற்கு ஒத்துப்போகிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரைச் செபமாலை சொல்லவும் மந்திரம் ஓதவும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 தடவையாக மெதுவானது; இரத்த அழுத்தத்துக்கேற்ப இதயத் துடிப்பைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் கூர்மையானது. ஆய்வு வெளியான ஆண்டு 2001.

மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே மனம் கலங்கியவர் தொடங்க வேண்டியது நீண்ட வெளிமூச்சில். கதிரையில், முதுகுக்குச் சுவர் இருக்க, வாசல் கண்ணில் படும்படி உட்காரலாம். இரு பாதங்களும் நிலத்தில் அழுந்தட்டும். பார்வை ஜன்னல் கம்பியிலோ மரக்கிளையிலோ நிற்கட்டும். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். அடக்கிப் பிடிக்கக் கூடாது. படபடப்பு ஏறினால் நிறுத்திவிட்டு எழுந்து நடக்கலாம்.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளை யூடியூப் பார்த்துத் தனியாகச் செய்ய வேண்டாம். வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றும், விரல்கள் விறுவிறுக்கும். பீதி வரும்போதும் உடம்பு இப்படித்தான் உணரும். சிரசாசனத்திலும் கவனம் தேவை. சென்னை சங்கர நேத்ராலயா 75 பேரிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நிலையில் கண்ணின் உள்ளழுத்தம் இரு மடங்கானது. குளுக்கோமா உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஆசிரியைமாருக்கும் ஒரு வேண்டுகோள். நிலையைத் திருத்த வேண்டுமானால் பின்னால் வந்து சட்டென்று தொடாதீர்கள். முன்னால் வந்து கேளுங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். இரவுகளில் தூக்கமின்றி, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று யாராவது சொன்னால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். அங்கே தரும் மாத்திரையை யோகாவை நம்பி நிறுத்தச் சொல்லாதீர்கள்.