பெயர் மாறும் கோப்புகளும் பெயரளவிலான கண்காணிப்பும்

வங்கிகளின் கொடுக்கல் வாங்கல்கள், வைத்தியசாலைகளின் ஆய்வுகூட முடிவுகள், களஞ்சியங்களின் இருப்பு விபரங்கள் என நாளாந்தம் எண்ணற்ற தரவுகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கணினிக் கோப்புகளாக அனுப்பப்படுகின்றன. முன்னர் எழுதுவினைஞர் ஒருவர் அவற்றைத் திறந்து பார்த்துத் தரவுத்தளத்தில் சேர்த்து வந்தார். இன்று அந்தப் பணி, குறித்த நேரத்தில் தானாக இயங்கும் நிரல்களிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றது. நேரமும் உழைப்பும் மிச்சமாகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால், எழுதுவினைஞரோடு சேர்த்து அவரது கண்ணையும் நாம் அகற்றிவிட்டோமா என்ற கேள்வி எழுவது இயல்பே.

இவ்வாறான கோப்புகள் பெரும்பாலும் திகதியைத் தமது பெயரிலே தாங்கி வருகின்றன. நேற்று வந்த கோப்பின் பெயர் இன்று வராது. மனிதருக்கு இது ஒரு பொருட்டல்ல. நிரலுக்கோ ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கோப்பாகும். இதனைச் சமாளிப்பதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. அன்றைய திகதியைக் கொண்டு பெயரை நிரலே உருவாக்கித் தேடுவது முதலாவது. பெயரின் மாறாத பகுதியை மட்டும் கொடுத்து, அதற்குப் பொருந்தும் அனைத்தையும் எடுப்பது இரண்டாவது. கோப்புறையில் உள்ளவற்றுள் ஆகப் புதியதை எடுப்பது மூன்றாவது.

மூன்றிலும் ஆபத்து உண்டு. திகதியைக் கொண்டு தேடும் நிரலுக்கு, எந்த நாட்டுத் திகதி என்பது முக்கியமானது. கொழும்பில் அதிகாலை 4 மணியாக இருக்கும்போது கிறீன்விச் நேரப்படி முதல் நாள் இரவு 10.30 மணியே ஆகின்றது. அனுப்புபவர் ஒரு நாட்காட்டியையும் பெறுபவர் மற்றொன்றையும் பின்பற்றினால், வராத கோப்பையே நிரல் தேடிக் கொண்டிருக்கும். பொருந்தும் அனைத்தையும் எடுக்கும் நிரல், முன்னர் எடுத்ததையே மீண்டும் எடுத்துக் கணக்கை இரட்டிப்பாக்கக் கூடும். ஆகப் புதியதை எடுக்கும் நிரலோ, இன்றைய கோப்பு வராதபோது நேற்றையதை இன்றையதாகக் கருதிவிடும். அல்லது இன்னும் முழுமையாக வந்து சேராத கோப்பைப் பாதியிலேயே எடுத்துவிடும்.

கொவிட் பெருந்தொற்றுக் காலம் இதற்குத் தக்க சான்றுகளைத் தந்துள்ளது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டு முதல் 2023 மார்ச் 10ஆம் திகதி வரை உலகளாவிய தொற்று விபரங்களைத் திரட்டி வெளியிட்டது. அதன் நாளாந்தக் கோப்புகள் மாதம், நாள், ஆண்டு என்ற அமெரிக்க ஒழுங்கில் பெயரிடப்பட்டன. 03-04-2020 என்பதை நாம் ஏப்ரல் 3 என வாசிப்போம். அங்கு அது மார்ச் 4 ஆகும். பெயர்களை வரிசைப்படுத்தி இறுதியில் உள்ளதை எடுக்கும் நிரலொன்று, 2021ஆம் ஆண்டு பிறந்த பின்னரும் 12-31-2020 என்ற கோப்பையே புதியதெனக் கொள்ளும். ஆண்டை முதலிலும் நாளை இறுதியிலும் எழுதும் முறையை 1988இல் வெளியான சர்வதேச நியமம் ஒன்று வகுத்திருப்பதன் பயன் இங்கேயே புலப்படுகின்றது.

பெயர் சரியாக இருந்தாலும் உள்ளடக்கம் மாறலாம். அதே பல்கலைக்கழகத்தின் கோப்புகளில் 2020 மார்ச் 22ஆம் திகதி முதல் நிரல்களின் தலைப்புகளும் ஒழுங்கும் மாற்றப்பட்டன. பழைய தலைப்புகளை நம்பியிருந்த மென்பொருள்கள் உலகெங்கும் திருத்தப்பட வேண்டியதாயிற்று.

இதைவிடப் பாரதூரமான சம்பவம் இங்கிலாந்தில் இடம்பெற்றது. ஆய்வுகூடங்கள் அனுப்பிய கோப்புகளை, அப்போதைய பொதுச் சுகாதார நிறுவனத்தின் தன்னியக்க ஏற்பாடு, பழைய வகை எக்செல் படிவங்களுக்குள் சேர்த்து வந்தது. அப்படிவங்கள் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காதவை. எல்லை நிரம்பியதும் எஞ்சியவை சத்தமின்றி விடுபட்டுப் போயின. 2020 செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 தொற்றாளர்கள் கணக்கில் சேரவில்லை. அவர்களுக்குத் தமது பரிசோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தபோதிலும், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமடைந்தது. தொற்று பரவும் வேளையில் அந்தத் தாமதத்தின் விலை மனித உயிராகவும் இருக்கலாம்.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. நின்றுபோகும் இயந்திரம் அத்துணை ஆபத்தானதல்ல. அது நின்றதை எவரும் காண்பர். நிற்காமல் பிழையாக ஓடும் இயந்திரமே ஆபத்தானது.

இதற்கான பரிகாரங்கள் செலவு மிக்கவையல்ல. எந்தெந்தக் கோப்பு எப்போது எடுக்கப்பட்டது என்பதை நிரலே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால், ஒன்றையே இருமுறை சேர்க்கும் தவறு நேராது. எடுத்து முடிந்த கோப்பை வேறு கோப்புறைக்கு நகர்த்தினால், எஞ்சியிருப்பது எது என்பது தெளிவாகும். அனுப்புபவர் வரிகளின் எண்ணிக்கையைத் தனியே அறிவித்தால், சேர்ந்த எண்ணிக்கையை அதனோடு ஒப்பிடலாம். பாதியில் அறுந்த கோப்பும் அகப்பட்டுவிடும். தலைப்புகள் மாறியிருந்தால் நிரல் ஊகித்துத் தொடராமல் நின்றுவிட வேண்டும். குறித்த நேரத்தில் கோப்பு வராவிட்டால் பொறுப்பான உத்தியோகத்தருக்கு உடனே அறிவித்தல் போக வேண்டும். அந்த உத்தியோகத்தர் யார் என்பதும் பெயர் குறித்து நிர்ணயிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பழைய எழுதுவினைஞர், கோப்பு மெலிந்திருந்தால் “இன்று ஏன் இவ்வளவு குறைவு?” என்று வினவியிருப்பார். அந்த வினாவை நிரலுக்குள்ளும் எழுதி வைப்பது நமது கடமையாகும். வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது.