அரை மணி நேரம் தாமதமாகப் போனால் என்ன?

2017 ஆகஸ்ட் மாதம் கனடாவின் வான்கூவர் துறைமுகம் கப்பல் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை வைத்தது. கனடாவின் வான்கூவர் தீவுக்கும் அமெரிக்காவின் சான் ஹுவான் தீவுக்கும் நடுவே ஹாரோ நீரிணை இருக்கிறது. துறைமுகத்துக்கு வந்துபோகும் பெரிய கப்பல்களுக்கு அதுதான் வழி. அதில் 16 கடல் மைல் தூரத்துக்கு மட்டும் 11 நாட் (மணிக்கு 11 கடல் மைல்) வேகத்தில் போங்கள் என்று துறைமுகம் கேட்டுக்கொண்டது. சட்டம் போடவில்லை, அபராதமும் இல்லை.

18 நாட் வேகத்தில் வரும் கன்டெய்னர் கப்பல் அந்தத் தூரத்தை 53 நிமிடங்களில் தாண்டிவிடும். 11 நாட் வேகத்தில் போனால் 87 நிமிடங்கள். கூடுதலாக அரை மணி நேரம், அவ்வளவுதான். பசிபிக்கையே கடந்து வருகிற கப்பலுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஏறத்தாழ 60 சதவீதக் கப்பல்கள் சம்மதித்தன. கடலுக்கடியில் வைத்திருந்த ஹைட்ரோபோன்கள் பதிவுசெய்ததை ஆராய்ந்தபோது, வேகம் குறைத்த கன்டெய்னர் கப்பல்களின் ஓசை சராசரியாக 11.5 டெசிபல் குறைந்திருந்தது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்லும் குரூஸ் கப்பல்களில் 10.5 டெசிபல். இயல்பிலேயே மெதுவாகப் போகும் தானியக் கப்பல், நிலக்கரிக் கப்பல் வகைகளில்கூட 6 டெசிபல் அளவுக்குக் குறைந்தது. டெசிபல் கணக்கில் 10 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

இவ்வளவும் யாருக்காக? அந்தக் கடலில் வாழும் ஓர்காத் திமிங்கிலங்களுக்காக. ஜே, கே, எல் என்று மூன்று குடும்பங்களாகப் பிரிந்து வாழும் இவற்றை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் காண்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 1960, 70-களில் காட்சித் தொட்டிகளுக்காக இவற்றின் குட்டிகளை வலைவைத்துப் பிடித்துப்போனார்கள். அந்த இழப்பிலிருந்து மெல்ல மீண்டு 1990-களின் நடுவில் 98 ஆனவை, பிறகு மறுபடியும் சரிந்து இன்று 75-ஐ எட்டுவதே அரிது என்ற நிலையில் இருக்கின்றன. 2018-இல் ஜே35 என்ற தாய் ஓர்கா, பிறந்த உடனே இறந்துபோன தன் குட்டியை 17 நாள் தலையில் தாங்கியபடி நீந்தியதை உலகமே பார்த்தது.

இந்த ஓர்காக்களின் முதன்மை உணவு சினூக் சால்மன் மீன். கலங்கிய, இருண்ட நீரில் அந்த மீனைக் கண்ணால் தேட முடியாது. ஓர்கா சட் சட்டென்று ஒலித்துடிப்புகளை எழுப்பும். அவை மீன்மீது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்தே இரை எங்கே, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறியும். நடுவே ஒரு கப்பலின் இரைச்சல் வந்தால் அந்த மெல்லிய எதிரொலி அமுங்கிப்போகிறது. திருவிழாத் தெருவில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுகொண்டு, அடுத்த தெருவிலிருந்து கூப்பிடும் குழந்தையின் குரலைப் பிடிக்க முயல்வது போன்ற நிலை அது. ஓர்காக்களின் முதுகில் சிறு கருவிகளை ஒட்டி ஆராய்ந்தவர்கள், படகுகள் 400 கெஜத்துக்குள் வந்துவிட்டால் பெண் ஓர்காக்கள் வேட்டையையே விட்டுவிடுவதைக் கண்டார்கள். பால் கொடுக்க வேண்டியவையும் அவைதான்.

ஓர்காக்கள் குறைவதற்கு இரைச்சல் மட்டும் காரணமில்லை. சால்மன் மீனே குறைந்துவிட்டது. தொழிற்சாலைகள் விட்ட நஞ்சு ஓர்காக்களின் கொழுப்பில் படிந்திருக்கிறது. ஆனால் சால்மன் பெருக வேண்டுமென்றால் ஆறுகளைச் சீர்செய்ய வேண்டும், அணைகளைப் பற்றி முடிவெடுக்க வேண்டும், அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பிசிபி போன்ற நஞ்சுகள், தடைசெய்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கடலை விட்டுப் போகவில்லை. இரைச்சல் அப்படியல்ல. இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்த மறு நிமிடமே குறைந்துவிடும். எச்சம் எதையும் விட்டுவைக்காத மாசு இது. அதனால்தான் இதில் காட்டும் தயக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இரைச்சல் எங்கிருந்து கிளம்புகிறது? இயந்திர அறையின் அதிர்வு ஒரு பங்கு. பெரும்பங்கு புரொப்பல்லரிலிருந்து. இறக்கைகள் வேகமாகச் சுழலும்போது அவற்றின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, குளிர்ந்த நீரே ஆவியாகிக் குமிழிகளாகிறது. அடுத்த கணம் அழுத்தம் கூடும் இடத்துக்கு அந்தக் குமிழிகள் வந்ததும் நொறுங்கி உடைகின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும் இந்த வெடிப்புதான் கப்பலின் முழக்கம். உடையும் குமிழிகள் புரொப்பல்லரின் உலோகத்தையே அரித்துவிடும், உந்துவிசையையும் தின்னும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பொறியாளர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஆக, கடலுக்குள் போகும் இந்த ஓசை கப்பல் முதலாளியின் பணமும்தான்.

நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைவிட நாலு மடங்குக்கும் மேல். தாழ்ந்த சுருதியில் இருந்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். கப்பலின் முழக்கம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி. நீலத் திமிங்கிலம் போன்ற பெருந்திமிங்கிலங்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்வதும் அதே சுருதியில். கலிபோர்னியா கரைக்கு அப்பால் ஒரே இடத்தில் 1960-களில் எடுத்த பதிவையும் 2003, 2004-இல் எடுத்த பதிவையும் ஒப்பிட்டபோது, கடலின் தாழ்சுருதி இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் கூடியிருந்தது. நாற்பது ஆண்டுகளில் ஒலியின் ஆற்றல் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஒரு நீலத் திமிங்கிலம் தன் வாழ்நாளுக்குள்ளேயே இந்த மாற்றத்தை முழுக்கக் கேட்டிருக்கும்.

இரைச்சல் இருந்தால் என்ன, பழகிக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கிடைத்தது. அங்கே ரோசலிண்ட் ரோலண்ட் என்ற ஆய்வாளரின் குழு, வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்துவந்தது. நீரில் மிதக்கும் சாணத்தை மோப்பம் பிடித்துக் காட்டப் பயிற்சி பெற்ற நாய்களைப் பிற்பாடு படகில் கூட்டிப்போனார்கள். அந்தச் சாணத்தில் மனஅழுத்த ஹார்மோன்களின் அளவை அறியலாம். 2001 செப்டம்பர் 11-இல் அமெரிக்கா தாக்கப்பட்டது. அடுத்த சில நாள்கள் கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்தது. அதே வளைகுடாவில் சூசன் பார்க்ஸ் என்ற இன்னோர் ஆய்வாளர், வேறொரு காரணத்துக்காகத் திமிங்கிலங்களின் குரலைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்து இரண்டு தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புலப்பட்டது. அந்த நாள்களில் கடலின் இரைச்சல் 6 டெசிபல் குறைந்திருந்தது; திமிங்கிலங்களின் அழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. அடுத்து வந்த நான்கு ஆண்டுகளின் செப்டம்பர்களில் அப்படிக் குறையவே இல்லை. 2012-இல் இந்த ஆய்வு வெளியானது. பழகிப்போனவை என்று நாம் நினைத்த உயிர்கள் நாளெல்லாம் தவித்துக்கொண்டிருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓசையில்லாக் கப்பல் கட்டத் தெரியாதா? நன்றாகவே தெரியும். எதிரியின் காதில் விழாமல் இருக்க நீர்மூழ்கிக் கப்பல்களை எப்படிக் கட்டுவது என்பதைக் கடற்படைகள் பல பத்தாண்டுகளாகச் செய்து காட்டியிருக்கின்றன. மீன்வள ஆய்வுக் கப்பல்கள் எவ்வளவு ஓசை எழுப்பலாம் என்று 1995-லேயே பன்னாட்டு வரம்பு ஒன்று வகுக்கப்பட்டது; சத்தம் கேட்டு மீன் ஓடிவிட்டால் எதை எண்ணுவது என்ற கவலையால். போருக்கும் மீன் கணக்குக்கும் பயன்பட்ட அறிவு, வணிகக் கப்பலுக்கு வரும்போது மட்டும் செலவு என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். கப்பலை நகர்த்தத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தை ஒட்டி ஏறுகிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே எண்ணெய்ச் செலவு நிறையக் குறையும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களெல்லாம் பணம் மிச்சப்படுத்தத் தாமாகவே மெதுவாக ஓட்டின. ஆய்வாளர் ரஸ்ஸல் லீப்பர் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகக் கப்பல்கள் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் கடலில் சேரும் ஒலியாற்றல் 40 சதவீத அளவுக்குக் குறையும், திமிங்கிலங்கள் மோதப்படும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகும், கரிப்புகையும் குறையும். புது எந்திரம் வாங்க வேண்டியதில்லை.

இந்த மோதல் ஆபத்து நமக்குப் பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது. இலங்கையின் தென்முனையை ஒட்டிப் போகும் கப்பல் தடம் உலகின் மிக நெரிசலான தடங்களில் ஒன்று. மிரிஸ்ஸ, தெவுந்தர முனைக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் மேய்வதும் அதே இடத்தில். மற்ற நீலத் திமிங்கிலங்களைப் போலத் துருவக் கடலுக்குப் போகாமல் இவை வெப்பக் கடலிலேயே தங்கிவிடுவதை இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் உலகுக்கு எடுத்துச் சொன்னார். இவற்றின் தனிப் பாட்டை 1980-களில் திருகோணமலைக் கடலில் பதிவுசெய்தார்கள். தடத்தை 15 கடல் மைல் தெற்கே தள்ளுங்கள் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கேட்டும் அரசு முடிவு இழுபட்டது. 2022-இல் எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே நகர்த்தியது. மோதலைத் தவிர்க்கத்தான் அந்த முடிவு. ஆனால் நகர்ந்த கப்பலோடு அதன் இரைச்சலும் மேய்ச்சல் நிலத்தை விட்டு விலகுகிறது. ஒரு நிறுவனம் செய்ததை மற்றவை ஏன் செய்யக் கூடாது?

விதிகளின் நிலை என்ன? சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் இரைச்சலைக் குறைக்க 2014-இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2023-இல் திருத்தியும் வெளியிட்டது. இரண்டுமே விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்ற வகை. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல், ஒரு கடற்பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் தொடர் இரைச்சலுக்கு ஆளாகக் கூடாது என்று வரம்பு வகுத்தது. வான்கூவர் துறைமுகம், ஓசை குறைந்த கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணத்தில் 2017 முதல் தள்ளுபடி தருகிறது. தொடங்கியபோது உச்சபட்சமாக 47 சதவீதம் வரை. ஹாரோ நீரிணையில் இப்போது ஆண்டுதோறும் ஓர்காக்கள் வந்ததும் கப்பல்கள் மெதுவாகப் போகின்றன. ஒத்துழைப்பு 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பெரிய வேகக் கப்பல்களுக்கு 14.5 நாட், மற்றவற்றுக்கு 11 நாட் என்று நடைமுறைக்கு ஏற்ற அளவையும் கண்டுகொண்டார்கள்.

தாமாக முன்வந்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் மெதுவாகப் போன கப்பலின் பின்னாலேயே ஒத்துக்கொள்ளாத ஒரு கப்பல் முழு வேகத்தில் வந்தால், வேட்டையாடிக்கொண்டிருக்கும் ஓர்காவுக்கு அந்த ஒன்றே போதும். 2014 முதல் விருப்பத்தை நம்பிக் காத்திருந்தாயிற்று. இனிக் கப்பல் இரைச்சலுக்கு வரம்பு கட்டி, எண்ணெய்க் கசிவுக்குப் போலவே அதையும் கட்டாய விதியாக்க வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பில் இடம்பெற்றுள்ள இந்தியா அதை முன்மொழியலாம். அதுவரை நம் துறைமுகங்கள் காத்திருக்க வேண்டாம். ஓசை குறைந்த கப்பலுக்குக் கட்டணச் சலுகை என்ற வான்கூவரின் வழியைச் சென்னையும் தூத்துக்குடியும் இந்த ஆண்டே தொடங்கலாம்.