சோலார் பேனலுக்கு முன்னே ஒரு நிழல் கணக்கு

"சோலார் போடணும்தான் சார், வீட்டுக்கடன் கொஞ்சம் அடையட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." வீடு கட்டும் ஆசிரியர்கள் பலரிடமிருந்து இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமான முடிவுதான். அஸ்திவாரம், மரவேலை, டைல்ஸ் என்று கையைக் கடிக்கும் நேரத்தில் இன்னொரு செலவை யாரும் விரும்ப மாட்டார்கள். பேனலைத் தாராளமாகத் தள்ளிப்போடலாம். ஆனால் பேனல் வரப்போகும் இடம், தளம் போடும் அந்தச் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. தண்ணீர்த் தொட்டி எந்த மூலையில், மாடிப்படி ஹெட்ரூம் எந்தப் பக்கம், கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று மேஸ்திரி கேட்கிறார். நாமும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் அடுத்த 25 ஆண்டுக்கான மின்சாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

முதலில் எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்ப்போம். நம் மின் கட்டண அட்டையில் இரண்டு மாத யூனிட் இருக்கும். அதை 60 ஆல் வகுத்தால் ஒரு நாள் பயன்பாடு. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்பதால், கிடைத்த விடையை 4 ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் தெரிந்துவிடும். இரண்டு மாதத்தில் 480 யூனிட் ஓடும் வீட்டுக்கு நாளுக்கு 8 யூனிட், ஆக 2 கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி, நிழல் விழாத இடமாக வேண்டும். 2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி போதும். நாளை ஏ.சி. வரலாம், மின்சார ஸ்கூட்டர் வரலாம் என்று நினைப்பவர்கள் 300 சதுர அடியை ஒதுக்கி வைப்பது நல்லது. இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்டுக்குள் முடித்துவிடும் சிக்கனக் குடும்பமாக இருந்தால், 100 யூனிட் ஏற்கெனவே இலவசம் என்பதால், அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து.

பரப்பளவைவிட முக்கியம் "நிழல் விழாத" என்ற சொல். பத்தாம் வகுப்பில் தொடர் இணைப்பு நடத்தும்போது, ஒரு பல்பைக் கழற்றினால் மற்றவையும் அணைந்துவிடுவதைச் செய்து காட்டுவோம். பேனலுக்குள் இருக்கும் மின்கலங்களும் தொடர் இணைப்பில்தான் உள்ளன. ஒரு கலத்தின் மீது நிழல் விழுந்தால் அது தரும் மின்னோட்டம் குறையும்; அந்த வரிசையில் உள்ள மற்ற கலங்களின் மின்னோட்டத்தையும் அது பிடித்து நிறுத்தும். இதைச் சமாளிக்கப் பேனலுக்குள் பக்கவழி டையோடுகள் வைத்திருக்கிறார்கள். நிழல்பட்ட பகுதியை விட்டுவிட்டு மின்னோட்டம் சுற்றிப் போகும். அப்படியும் ஒரு கை அகல நிழலால் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடக்கூடும். டிஷ் ஆன்டெனா கம்பம், கொடிக்கம்பி கட்டிய தூண் என்று நாம் பொருட்படுத்தாதவையும் இந்தக் கணக்கில் வரும்.

நிழல் எங்கே விழும்?

நிழலில்லா நாளைப் பள்ளியில் கொண்டாடியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தமிழ்நாடு ஏறத்தாழ 8 பாகை முதல் 13.5 பாகை வட அட்சம் வரை இருக்கிறது. ஏப்ரலில் ஒருமுறையும், ஆகஸ்டை ஒட்டி மறுமுறையும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் அது நமக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆனால் வெகு உயரத்தில் நிற்பதால் நண்பகல் நிழல் குட்டையாகவே இருக்கும். மீதி எட்டு மாதமும் உச்சிச் சூரியன் தெற்கேதான். அதனால்தான் பேனலைத் தெற்கு நோக்கி, நம் அட்சத்துக்கு ஏற்ப 10 முதல் 13 பாகை வரை சாய்த்து வைக்கிறார்கள். அதைவிடப் படுக்கையாக வைத்தால் மழை வழிந்தோடாமல் தூசி கீழ் விளிம்பில் படிந்துவிடும்.

நமக்குத் தொல்லை தருவது டிசம்பர் நிழல். டிசம்பர் 22 அன்று சென்னையில் உச்சிச் சூரியனின் உயரக்கோணம் ஏறத்தாழ 53.5 பாகை. டேன் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், ஒரு மீட்டர் உயரச் சுவரின் நிழல் வடக்கே 74 செ.மீ. நீளும். காலை 9 மணிக்குக் கோணம் 33 பாகைதான். அதே சுவரின் உச்சியிலிருந்து விழும் நிழல் வடமேற்காக ஒன்றரை மீட்டர் நீளும். இதை 8 அடி உயர ஹெட்ரூமுக்குப் போட்டால் நண்பகலில் 6 அடி, காலை 9 மணிக்கு 12 அடி. மாலை 3 மணிக்கு அதே 12 அடி வடகிழக்கே திரும்பும். தெற்கு மாவட்டங்களில் இந்த நீளங்கள் சற்றுக் குறையும், அவ்வளவுதான். 30 அடி அகல வீட்டின் தெற்குப் பக்கத்தில் ஹெட்ரூமைக் கட்டிவிட்டால் மொட்டைமாடியின் நல்ல பகுதியை அது விழுங்கிவிடும். வடக்கே கட்டினால் நிழல் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே போய் விழும். வரைபடத்தில் இருக்கும்போது இந்த மாற்றத்துக்கு ஒரு பென்சிலும் ரப்பரும் போதும்.

இங்கே வாஸ்து குறுக்கே வரும். கனமான பொருள் கன்னிமூலையில் இருக்க வேண்டும் என்று சொல்லி, தண்ணீர்த் தொட்டியைத் தென்மேற்கு மூலையில் வைக்கச் சொல்வார்கள். பெரியவர்களோடு வாதம் செய்து வீட்டில் மனக்கசப்பை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. தென்மேற்குத் தொட்டியின் நிழல் பிற்பகலில் வடகிழக்காக, மாடியின் நடுப்பகுதியை நோக்கி விழும். ஆகவே பேனலுக்குத் தென்கிழக்குப் பகுதியை ஒதுக்கிவிட்டால் இரண்டு பேருக்கும் சமாதானம். தொட்டியை அதிக உயரப் பீடத்தில் தூக்கி வைக்காமல் இருந்தாலும் நிழல் குறையும். ஆனால் குளியலறை ஷவருக்குத் தண்ணீர் வேகமாக வராது என்று பிளம்பர் சொல்வார், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் கையில் இல்லாத நிழலும் உண்டு. தெற்கே காலி மனை இருந்தால், ஒருநாள் அங்கே இரண்டு மாடி எழும்பும் என்று எண்ணியே கணக்குப் போட வேண்டும். தெற்கே தெரு இருக்கும் மனைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நம் கையில் இருப்பது தென்னங்கன்று. இடுப்புயரக் கன்றாக இன்று நடுவது, பேனல் வாங்க நாம் தயாராகும் நாளில் மாடிக்கு மேலே மட்டை விரித்து நிற்கும். தென்னையை வடக்கே நட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வீடு கட்டி முடித்தவர்களுக்குக் கணக்கைவிட நேரில் பார்ப்பதே நல்லது. அரையாண்டுத் தேர்வு முடியும் அந்த டிசம்பர் வாரத்தில் ஒருநாள் காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு மாடிக்குப் போய், நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் வரையுங்கள். மூன்று கோடுகளுக்கும் வெளியே எஞ்சும் இடம்தான் பேனலின் இடம். இதை மாணவர்களுக்குச் செயல்பாடாகவும் தரலாம். ஒரு மீட்டர் குச்சியைப் பள்ளி மைதானத்தில் செங்குத்தாக நட்டு, மூன்று வேளையும் நிழலை அளந்து, விகிதத்தைக் கொண்டு தம் வீட்டுச் சுவரின் நிழலைக் கணிக்கச் சொன்னால், முக்கோணவியல் பாடத்தில் "ஒரு கம்பத்தின் நிழல்" என்று வரும் கணக்குக்குச் சொந்த வீடே விடை சொல்லும். கைப்பிடிச் சுவரில் ஏறி அளக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

எடை பயமில்லை, காற்றுதான் பயம்

"தளம் தாங்குமா?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. இன்றைய 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், ஏறக்குறைய 28 கிலோ எடை. சட்டத்தையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ வரும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். முறையாகக் கட்டிய காங்கிரீட் தளத்துக்குப் பேனலின் எடை ஒரு பொருட்டே இல்லை.

காற்று அப்படியில்லை. சென்னைக்கு வடிவமைப்பாளர்கள் கொள்ளும் அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 50 மீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கக் கிடைக்கும். 50 மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். ஒரு பேனலின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர். சாய்ந்த பேனலை இதில் பாதிதான் மேலே தூக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும், 28 கிலோ பொருளை 190 கிலோ விசை தூக்கப் பார்க்கிறது. 2016 வர்தாவைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கும் 2018 கஜாவைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆகவே பேனலின் கால்களைத் தளத்தோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும். கட்டி முடித்த மாடியில் இதற்குத் துளை போடுகிறார்கள். தட்டோட்டையும் அதன் கீழுள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையையும் துளைத்துத்தான் காங்கிரீட்டை அடைய முடியும். அந்தத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் ஐப்பசி மழை படுக்கையறைச் சுவரில் இறங்கும். தளம் போடும்போதே, உத்திரங்களுக்கு மேலாக வரும்படி ஓரடி உயரக் குட்டித் தூண்களைக் கம்பி கட்டி வார்த்து, தலையில் போல்ட்டுகளைப் பதித்துவிட்டால், தட்டோடு அவற்றைச் சுற்றி ஒட்டப்படும்; பின்னாளில் துளை என்ற பேச்சே இல்லை. எந்த இடைவெளியில் எத்தனை தூண் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். போல்ட் துருப்பிடிக்காதிருக்கக் கிரீஸ் தடவி, பழைய குழாய்த் துண்டால் மூடி வைக்க வேண்டும். ஓரடி உயரம் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பேனல் சூடேற ஏற உற்பத்தி குறையும். அடியில் காற்று ஓடினால் சூடு கொஞ்சம் தணியும்.

துணி காயப்போட, வடகம் பிழிய இடம் வேண்டுமே என்று ஏழெட்டு அடி உயரத்தில் பந்தல்போலப் பேனல் அமைப்பவர்களும் உண்டு. பயன்தான். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் கூடும். பொறியாளர் கணக்கிட்டுத் தராமல் வெல்டிங் பட்டறைக்காரரின் அனுபவத்தை மட்டும் நம்பி இதைச் செய்யக் கூடாது.

மேல்மாடி எழுப்பும் எண்ணத்தோடு தூண் கம்பிகளை நீட்டி விட்டிருப்பவர்கள் முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஐந்தாறு ஆண்டுக்குள் கட்டுவது உறுதி என்றால் குட்டித் தூண் வேண்டாம். குழாயை மட்டும் விட்டு வையுங்கள். பத்தாண்டாகக் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும் வீடுகளும் நம் தெருக்களில் குறைவில்லை.

சுவருக்குள் ஒரு காலிக் குழாய்

மேஸ்திரி மறந்துவிடக்கூடியது இதுதான். மாடியிலிருந்து மீட்டர் பெட்டி இருக்கும் சுவர்வரை, ஒன்றேகால் அங்குலக் குழாய் ஒன்றைத் தனியாகப் பதிக்க வேண்டும். கட்டும்போது இதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். பின்னாளில் என்றால் பெயின்ட் அடித்த முகப்புச் சுவரில் குழாய் ஓடும், அல்லது சுவரைக் கொத்த வேண்டும். வளைவுகள் கூர்மையாக இல்லாமல் நீண்ட வளைவாக இருக்கட்டும். உள்ளே ஒரு இழுவைக் கம்பியைப் போட்டு விடுங்கள். மேல்முனையைக் குடைக்கைப்பிடி போலக் கீழ்நோக்கி வளைத்து மூடி போடாவிட்டால் மழைநீர் இறங்கும். குளவியும் கூடு கட்டும்.

வீட்டு ஒயரிங் போகும் குழாயிலேயே இதையும் சேர்த்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நான்கு பேனலைத் தொடராக இணைத்தால் 200 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் வரும். வெயில் இருக்கும்வரை அந்தக் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மெயினை அணைத்தாலும் பேனலிலிருந்து வருவது நிற்காது. அதற்குத் தனிக் குழாயும் அடையாளமும் வேண்டும்.

இன்வெர்ட்டர் மாட்ட மீட்டருக்கு அருகில், நேர் வெயிலோ சாரலோ படாத மூன்றடிச் சுவர் இடம் ஒதுக்குங்கள். எர்த் குழிகளையும் இப்போதே தோண்டிவிடலாம். பேனல் சட்டத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று தேவைப்படும். வீட்டைச் சுற்றி சிமென்ட் தளம் போட்ட பிறகு தோண்டுவது வீண்வேலை. மாடியில் ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கட்டும், பேனல் கழுவ.

ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். சோலார் போட்டால் மின்வெட்டே தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். மின் வாரியத்தின் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் ஒயரிங்கின்போதே விளக்கு, மின்விசிறி, பிரிட்ஜ் ஆகியவற்றுக்குத் தனிச் சுற்று பிரித்துவிடச் சொல்லுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை மீது பேனல் வைக்க நினைக்க வேண்டாம். ஏறினாலே உடையும், உடைந்தால் அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஓட்டு வீட்டில் கைமரங்களின் வலிமையைத் தச்சர் பார்த்துச் சொன்ன பிறகே மற்ற பேச்சு.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் அறிவிக்கப்பட்டது. நீங்கள் பேனல் வாங்கும் ஆண்டில் என்ன நிலை என்பதை அப்போது மின் வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சு வேலை தொடங்குமுன், குழாய் போகும் சுவர்களையும் உத்திரக் கம்பிகளையும் அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, வீட்டு வரைபடத்தோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள். பேனல் மாட்ட வருபவர் முதலில் கேட்கப்போவது அந்த உறையைத்தான்.