கோழியின் மூச்சில் கேட்கும் கொரகொரப்பு

ஐப்பசி மழை பிடித்ததும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். கொல்லைக் கோழிகள் மூச்சு விடும்போது 'கொர் கொர்' என்று சத்தம் கேட்கத் தொடங்குவதும் இந்த ஈர நாட்களில்தான். “சளி பிடிச்சிருக்கு” என்று மிளகும் மஞ்சளும் அரைத்துப் புகட்டுவார்கள். புகட்டட்டும், அதற்கு முன் அந்தக் கோழியைத் தனியாகப் பிரித்து அடைக்க வேண்டும். ஒரே சத்தத்துக்குப் பின்னால் பல நோய்கள் இருக்கலாம்.

கோழிக்கு உதரவிதானம் இல்லை. நுரையீரல் விலா எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. நம்முடையதைப் போல விரிந்து சுருங்காது. உடம்பெங்கும் பரவிய காற்றுப்பைகள்தான் துருத்தியாக நின்று காற்றை அதற்குள் தள்ளுகின்றன. ஒரு பை இறக்கை எலும்புக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. மூச்சுக்குழலில் புகுந்த கிருமி இந்தப் பைகள் வரை எளிதாக இறங்கிவிடும். கோழியின் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டிச் செத்தே போகும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

அலகை மெல்லத் திறந்து பாருங்கள். நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை மூச்சுக்கு மூச்சு திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். அதைச் சுற்றி மஞ்சளாகத் திரைந்த படலம் தெரிந்தால் தொண்டையில் வந்த அம்மையாக இருக்கலாம். முகம் வீங்கி, மூக்கில் நாற்றச் சளி வடிந்தால் கொரைசா. வாரக்கணக்கில் கொரகொரத்துக் கோழி மெலிந்துகொண்டே போனால் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து திணறும் குஞ்சின் மூச்சுக்குழலில் புழு இருக்கலாம்; மண்புழுவையும் நத்தையையும் கொத்தித் தின்பதால் வருவது அது.

நோயே இல்லாமலும் மூச்சு கெடும். சாரலுக்குப் பயந்து கூண்டைத் தார்ப்பாயால் இறுக மூடுகிறோம். காலையில் திறக்கும்போது உங்கள் கண் எரிந்தால், எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவைக் கோழிகள் இரவெல்லாம் சுவாசித்திருக்கின்றன என்று பொருள். பூஞ்சை பிடித்த உமியும் நுரையீரலைக் கெடுக்கும். கோடையில் வாய் திறந்து இரைப்பது வேறு: வியர்வைச் சுரப்பி இல்லாத பறவை சூட்டைத் தணித்துக்கொள்கிறது, நிழலும் தண்ணீரும் கொடுத்தால் அடங்கிவிடும். உப்பளக் கரையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உப்புநீரோ கருவாட்டுக் கழிவோ மிஞ்சினால் குஞ்சுகளுக்கு வயிற்றில் நீர் கோத்து மூச்சு திணறும். கூண்டருகே எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் கொடியது ராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சல். இரைப்போடு பச்சையாகவோ வெள்ளையாகவோ கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், சில நாளில் கூண்டே காலியாகிவிடும். இது வைரஸ் நோய் என்பதால் மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் இதைக் குணப்படுத்தாது. தடுப்பூசி ஒன்றே வழி. 1932-இல் தொடங்கிய ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அதைத் தயாரிக்கிறது. கால்நடைத் துறை பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் வைத்து இலவசமாகப் போடுகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு இறக்கைக்கடியில் ஊசி. நோய் கண்ட பிறகு போட்டுப் பயனில்லை. கோழிகள் நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும்போதே முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும்.