120 நாட்களும் 24 வாரங்களும்

ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் ஓர் இளம் தம்பதி சென்ற மாதம் அஸருக்குப் பிறகு பாலம் தாண்டித் திருச்சியில் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஸ்கேன் ரிப்போர்ட். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "சட்டத்துல 24 வாரம் வரைக்கும் டைம் இருக்காம் ஹஜ்ரத். மார்க்கத்துல எத்தனை வாரம்?" என்று கணவர் கேட்டார். அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை.

இதே கேள்வி பல குடும்பங்களுக்கு வருகிறது. பெரும்பாலும் நாள் கடந்த பிறகு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கரு நாற்பது நாற்பது நாட்களாக மூன்று நிலைகளைக் கடந்த பின் மலக்கு அனுப்பப்பட்டு ரூஹ் ஊதப்படுகிறது என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. 120 நாள் கணக்கு இதிலிருந்து வந்தது. அதன்பின் கருவைக் கலைப்பது ஹராம் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் தாயைக் காப்பாற்ற இக்கால ஃபிக்ஹ் அவைகள் அனுமதிக்கின்றன.

அப்படியானால் 120 நாட்களுக்கு முன் அது வெறும் சதையா? இங்கேதான் நம்மில் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். மாலிக்கி அறிஞர்கள் தொடக்கத்திலிருந்தே கடுமை காட்டினார்கள். 42 இரவுகளைக் குறிப்பிடும் ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பை வைத்து அதற்கு மேல் கூடாது என்றவர்களும் உண்டு. கரு வளர வளர அதை அழிக்கும் குற்றமும் கூடுகிறது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் விளக்குகிறார். திருச்சியில் நம்மில் பெரும்பாலோர் ஹனஃபிகள். நம் மத்ஹபில் இடம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஹனஃபி அறிஞரான காழீகான் சொன்ன உதாரணத்தைப் பாருங்கள். இஹ்ராமில் இருப்பவர் வேட்டைப் பறவையின் முட்டையை உடைத்தாலே பரிகாரம் கொடுக்க வேண்டும், ஏனெனில் அதுதான் பறவையின் மூலம். முட்டைக்கே இப்படியென்றால், காரணமின்றி மனிதக் கருவைக் கலைப்பவருக்குப் பாவம் இல்லையா என்பது அவர் வாதம். தந்தை இறந்துவிட்டால், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக வாரிசுப் பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்வதும் நம் ஃபிக்ஹ்தான். வறுமைக்கு அஞ்சியோ, பெண் குழந்தை என்றோ கலைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஸ்கேன் அறைச் சுவரிலேயே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிறது.

இந்தத் தம்பதியின் நிலை வேறு. மக்காவில் உள்ள ஃபிக்ஹ் சபை 1990இல் இதைப் பற்றி முடிவெடுத்தது. சிகிச்சைக்கு வழியில்லாத கடுமையான குறை என்று நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்து, பெற்றோரும் கேட்டால், 120 நாட்களுக்குள் கலைக்கலாம். அதன்பின் குறையைக் காரணம் காட்டிக் கலைக்க முடியாது.

நம் நாட்டுச் சட்டம் 1971இல் வந்தது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள். அதற்கு மேல் கருவில் கடுமையான குறை இருந்தால் மருத்துவக் குழு. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு பெண் 26 வாரம் கடந்த கருவைக் கலைக்க அனுமதி கேட்டார். முதலில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்டார்கள். பிறகு மூவர் அமர்வு மறுத்தது. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, குழந்தைக்கும் குறை இல்லை என்பது காரணம். நாள் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடுகிறது என்பதில் நீதிமன்றமும் நம் இமாம்களும் தூரத்தில் இல்லை. கோடு கிழிக்கும் இடம்தான் வேறு.

அந்தக் கோட்டை எண்ணுவதில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன. டாக்டர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டாவது அதிலிருந்து சுமார் 2 வாரம் கழித்து. 120 நாள் என்பது 17 வாரமும் 1 நாளும். அதாவது டாக்டர் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேனை வழக்கமாக 18 முதல் 20 வாரத்தில் எடுக்கிறார்கள். ரிப்போர்ட் கைக்கு வரும் நேரமும் ரூஹின் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. மண்டையோடு உருவாகாத குறையைப் பெரும்பாலும் 11 முதல் 14 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம். "முதல் பிள்ளைக்கு எடுக்கலையே" என்று அதை இவர்கள் விட்டுவிட்டார்கள்.

நாங்கள் காலண்டரை வைத்து எண்ணினோம். ரிப்போர்ட்டில் 18 வாரம் 3 நாள். 14 நாட்களைக் கழித்தால் 115. மீதி ஐந்து நாட்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள், நாளைக்கே போங்கள், பிறகு இருவரும் பேசி முடிவெடுங்கள் என்றேன். சுமக்க விரும்பினால் அதற்கும் மார்க்கத்தில் தடையில்லை, யாரும் உங்களை ஏன் என்று கேட்க முடியாது என்றும் சொன்னேன்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினார். "பிறந்து அழுதுட்டா பேர் வைக்கலாமா ஹஜ்ரத்?"

வைக்கலாம். குளிப்பாட்டிக் கஃபனிட்டு ஜனாஸா தொழுகையும் உண்டு. அழாமல் பிறந்தாலும், உறுப்புகள் உருவாகியிருந்தால் ஹனஃபி மத்ஹபில் பேர் வைத்து, குளிப்பாட்டி, துணியில் சுற்றி அடக்குவோம். தொழுகை மட்டும் இல்லை. இதைச் சொன்னதும் அவர் ரிப்போர்ட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது நிகாஹ் ஆலோசனைக்கு வரும் ஒவ்வொரு ஜோடியிடமும் முதல் ஸ்கேனின் வாரத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறேன்.